கெல்டர்பி லாயத்தின் பதினான்கு கொட்டடிகள்

1914ஆம் ஆண்டு அக்டோபர் முப்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில், கெல்டர்பி மாளிகையின் குதிரை லாயம் முந்தின நாளைவிட ஆறடி நீளம் குறைந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு குதிரை நிற்கிற பதினான்கு கொட்டடிகள் இருந்த கட்டடத்தில் பதின்மூன்றுதான் இருந்தன. எதுவும் இடிந்து விழவில்லை. ஒரு கல் கீழே கிடக்கவில்லை, சுவரில் ஒரு விரிசல் இல்லை. மேற்குப் பக்கம் கடைசியிலிருந்து இரண்டாவதாக இருந்த கொட்டடி, ‘பார்லி’ என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தது, அது மட்டும் இல்லை. அதற்கு இந்தப் பக்கம் இருந்ததும் அந்தப் பக்கம் இருந்ததும் அடுத்தடுத்து நின்றன, கட்டிய நாள் முதல் அப்படித்தான் நின்றதுபோல. கூரை ஓடுகள்கூட வரிசை பிசகாமல் சேர்ந்திருந்தன. ஊர்க் கொத்தனார் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல வேலை, நம்மால் இப்படிச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் நடந்தது பிடிபடாது. 1764இல் லைல் குடும்பத்தின் பெரிய துரை ஒருவர் மாளிகையைக் கட்டுவதற்கு முன்பே லாயத்தைத்தான் கட்டினார். குடும்பம் நான்கு வருடம் வாடகை வீட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது, குதிரைகள் சுகமாக இருந்தன. நடுவில் சாரட்டு வண்டி நுழைகிற அளவுக்கு ஒரு வளைவு வாசல். வாசலுக்கு மேலே வண்டிக்காரரின் குடித்தனம், இரண்டு அறை. வாசலுக்குக் கிழக்கே ஏழு கொட்டடிகள், மேற்கே ஏழு. ஒவ்வொரு கொட்டடிக்கும் மேலே அதே அகலத்தில் ஓர் அறை, அரை நிலா வடிவத்தில் ஒரு சன்னல். குதிரைக்காரர்கள் அங்கேதான் படுப்பார்கள். கீழே நிற்கிற குதிரையின் உடம்புச் சூடு பலகைத் தரை வழியே மேலே ஏறும். சனவரி மாதத்தில் துரையின் படுக்கையறையைவிடக் குதிரைக்காரனின் அறை வெதுவெதுப்பாக இருக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், துரையைத் தவிர. கூரை முகட்டில், நட்ட நடுவில், செம்புக் குல்லாய் போட்ட ஒரு மணிக்கூண்டு. அதன் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைப்பது வழக்கம். அப்போதுதான் வண்டி நேரத்துக்கு வாசலில் நிற்கும்.

கட்டடத்துக்கு இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும். பார்லியின் கொட்டடி போன அன்று மணிக்கூண்டும் முகட்டில் மூன்றடி கிழக்கே நகர்ந்து மறுபடி நடுவில் நின்றது. ஆறடி குறைந்தால் நடு மூன்றடி நகரும், கணக்கு சரிதான். அப்போதிருந்த துரை சர் எவரார்ட் லைல். சாப்பாட்டு மேசையில் கரண்டி கோணலாக இருந்தால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. மாளிகைச் சன்னலில் நின்று கட்டை விரலை நீட்டி லாயத்தை அளந்து பார்த்தார். நடுவில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் போய் முட்டையைச் சாப்பிட்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கெல்டர்பியில் பெயர் ஆளுக்குச் சொந்தமில்லை, இடத்துக்குச் சொந்தம். பார்லி கொட்டடியில் எந்தக் குதிரை நின்றாலும் அது பார்லிதான். ஓக் பலகையில் வெள்ளை எழுத்தில் அந்தப் பெயர் நூற்றைம்பது வருடமாக அங்கேயே தொங்கியது. குதிரை சாகும், வேறு குதிரை வரும், பலகை மாறாது. மனிதர்களுக்குப் பலகை கிடையாது, வழக்கம் மட்டும் அதேதான். இரண்டாம் குதிரைக்காரனாக வருகிறவன் எவனானாலும் மாளிகைக்கு அவன் ராபர்ட். வண்டிக்காரர் எவரானாலும் மார்ஷ். துரை வீட்டில் புதிதாக ஒரு பெயரை மனப்பாடம் செய்கிற சிரமம் யாருக்கும் வைக்கவில்லை. வேலைக்கு வந்த முதல் நாளே பெயரைக் கோட்டு மாட்டுவதுபோல வாசலில் மாட்டிவிட்டு உள்ளே வர வேண்டும்.

ஹெஸ்டர் ஓல்ட்ராய்டை இந்தக் கணக்கில் மிஸஸ் மார்ஷ் என்று இருபத்தாறு வருடம் கூப்பிட்டார்கள். வண்டிக்காரரின் மனைவி. கணவர் 1912இல் நெஞ்சுச்சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். அதற்குள் துரை மோட்டார் வாங்கிவிட்டதால் புது வண்டிக்காரர் தேவைப்படவில்லை. சேணங்கள் பூசணம் பிடிக்காமல் அடுப்பு மூட்டிக் காக்க ஆள் வேண்டும் என்று ஹெஸ்டரை வாசல் மேல் குடித்தனத்திலேயே இருக்கவிட்டார்கள். ஒரே மகன் ஏமோஸ். அதே லாயத்தில் இரண்டாம் குதிரைக்காரன், அதாவது ராபர்ட். அவனுடைய அறை வாசலுக்குக் கிழக்கே முதல் அறை. ஹெஸ்டரின் சமையலறைச் சுவரில் ஒரு கதவு, அதைத் திறந்தால் ஏமோஸின் அறை. அறைக்குக் கீழே ‘டாம்சன்’ கொட்டடி. அதில் அப்போது நின்றது ஒரு கரும்பழுப்புப் பெண் குதிரை. ஏமோஸ் தும்மினால் அது கீழேயிருந்து கனைக்கும்.

1914 ஆகஸ்டில் பட்டாளத்துக்காரர்கள் வந்து பன்னிரண்டு குதிரைகளைக் கொண்டுபோனார்கள். கிழடு என்று டியூக், கேப்டன் இரண்டை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏமோஸ், டாம்சனின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்தான். பீரங்கி இழுக்கும் குதிரைகளை ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. அவனையும் டாம்சனையும் ஒரே பீரங்கிக்குப் போட்டார்கள். கிளம்பும்போது ஹெஸ்டர் வாசலில் நின்றாள்.

“குளிர்ல காலுக்குத் துணி சுத்திக்கோடா,” என்றாள்.

“யாருக்கும்மா, எனக்கா, அதுக்கா?”

“ரெண்டு கழுதைக்கும்தான். போ.”

முதல் கொட்டடி போனபோது காரணம் யாருக்கும் தெரியவில்லை. நவம்பரில் ‘தைம்’, டிசம்பரில் ‘ஹெக்டர்’ என்று இன்னும் இரண்டு போயின. ஒவ்வொரு முறையும் லாயம் ஆறடி சுருங்கி, மணிக்கூண்டு மூன்றடி நகர்ந்து நின்றது. 1915 மார்ச்சில் கிழட்டு டியூக் புல்வெளியில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை டியூக்கின் கொட்டடி இல்லை. லாடம் அடிக்கிற டென்பி அந்த இடத்தில், அதாவது அந்த இடம் இருந்த இடத்தில், தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“அப்போ அந்த மூணும் செத்துப்போச்சுன்னு அர்த்தம்,” என்றார்.

அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதன்பிறகு பேப்பர் பார்ப்பதை நிறுத்திவிட்டு லாயத்தைப் பார்த்தோம். வசந்தத்தில் ஒன்று, செப்டம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு. துரை யார்க்கிலிருந்து ஒரு கட்டடக்கலைஞரை வரவழைத்தார். அவர் மூன்று நாள் தங்கி, நன்றாகச் சாப்பிட்டு, சங்கிலி போட்டு அளந்து, நூலகப் பெட்டியிலிருந்த 1764ஆம் வருட வரைபடத்தை விரித்துப் பார்த்தார். அதிலும் ஏழு கொட்டடிகள்தான் இருந்தன. மூல வரைபடத்தின்படி கட்டடம் துல்லியமாக இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். துரைக்குத் திருப்தி. வரைபடத் தாள் மட்டும் சுருங்கிப்போய்ப் பெட்டிக்குள் இப்போது லொடலொடவென்று ஆடியது.

ஹெஸ்டருக்கு இதில் ஒரே ஒரு கவலைதான். டாம்சன் கொட்டடி இருக்கிற வரை டாம்சன் உயிரோடு இருக்கிறது. டாம்சன் இருக்கிற வரை அதன் பக்கத்தில் ஏமோஸ் இருப்பான், அவன் அதைவிட்டு நகர மாட்டான். கொட்டடி போனால் மேலே இருக்கும் அறையும் போகும், மற்றவை அப்படித்தான் போயின. ஆகவே தினமும் காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், தலைகூட வாராமல், சமையலறைச் சுவரில் இருந்த அந்தக் கதவைத் திறப்பாள். அறை இருக்கும். கட்டில், முக்காலி, ஆணியில் அவன் பழைய கோட்டு. கதவைச் சாத்திவிட்டு அடுப்பை மூட்டுவாள். திறக்கிற அந்த ஒரு நொடி கைப்பிடியில் அவள் கை வியர்த்திருக்கும். அதன்பிறகு மறுநாள் காலை வரை அவளுக்கு எதுவும் இல்லை. சந்தோஷம்கூட இல்லை. ஒரு நாள் கழிந்தது, அவ்வளவுதான்.

ஏமோஸின் கடிதங்கள் ஒழுங்காக வந்தன. கெல்டர்பிக்கு வரும் தபால் முழுவதும் ஒரு தோல் பையில் மாளிகைக்குப் போகும். தலைமைப் பணியாளர் பிம் அதைத் திறந்து பிரித்து அந்தந்த ஆளுக்கு அனுப்புவார். மாளிகையின் வழக்கம் தெரிந்த பையன் என்பதால் ஏமோஸ் உறையில் ‘மிஸஸ் மார்ஷ், லாயம்’ என்று எழுதுவான். உள்ளே பெரும்பாலும் டாம்சனைப் பற்றித்தான் இருக்கும். சேற்றில் லாடம் கழன்றது, கழுத்தில் புண் ஆறிவிட்டது, மற்ற குதிரைகளின் தீனியைத் திருடித் தின்கிறது, நம் வளர்ப்பு அப்படி.

1916 அக்டோபருக்குப் பிறகு கடிதம் வரவில்லை. நவம்பரில் அரசாங்கத்தின் பழுப்பு உறை ஒன்று தோல் பையில் வந்தது. மேலே ‘மிஸஸ் ஹெச். ஓல்ட்ராய்ட், கெல்டர்பி மாளிகை’ என்று தட்டச்சு செய்திருந்தது. பிம் அதை இரண்டு முறை படித்தார். மாளிகையில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள், அத்தனை பேரையும் அவருக்குத் தெரியும், ஓல்ட்ராய்ட் என்று ஒருவர் கிடையாது. பிம்முக்குக் கையெழுத்து மணிமணியாக இருக்கும், பாதிரியார்கூட ஞானஸ்நானச் சீட்டு எழுத அவரைக் கூப்பிடுவார். அந்தக் கையெழுத்தில் உறையின் மூலையில் ‘இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். சனவரியில் இன்னொன்று வந்தது. அதையும் திருப்பினார். சரியாகத்தான் செய்தார், அவருடைய கணக்கில்.

கடிதம் நின்றதைப் பற்றி ஊரில் பேசினார்கள். ஹெஸ்டரின் காதுக்கும் வந்தது.

“அவனுக்குச் சோம்பேறித்தனம். சின்ன வயசுலயே பேனாவப் பிடின்னா அழுவான்,” என்றாள் அவள் டென்பியிடம். “அறை இருக்குல்ல?”

“இருக்கு,” என்றார் டென்பி.

“அப்புறம் என்ன?”

1917இல் நான்கு கொட்டடிகள் போயின, கிழட்டு கேப்டனையும் சேர்த்து. 1918 மார்ச்சில் ஒன்று. நவம்பரில் போர் முடிந்து தேவாலய மணி அடித்தபோது லாயத்தில் இரண்டு கொட்டடிகள் மிச்சம். மேற்கே ‘ரூபி’, கிழக்கே ‘டாம்சன்’. பிப்ரவரியில் ரூபியும் போய்விட்டது. போர் முடிந்த பிறகு எப்படிச் சாகும் என்று சிலர் கேட்டார்கள். மிச்சமிருந்த குதிரைகளை அங்கேயே விற்றுவிட்டார்கள். எந்தக் கடைக்காரருக்கு விற்றார்கள் என்று கேட்காமல் இருந்தது நல்லது. இப்போது லாயம் என்பது ஒரு வளைவு வாசல், அதன் மேல் ஹெஸ்டரின் குடித்தனம், கிழக்கே ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு கொட்டடி, அதன் மேல் ஓர் அறை. எல்லாம் சேர்ந்து இருபத்துநான்கு அடி அகலம். மணிக்கூண்டு வாசலின் நேர் மேலே இல்லாமல் மூன்றடி கிழக்கே தள்ளி நின்றது. அதுதான் நடு. துரை சன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டார்.

போரிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஏமோஸ் வரவில்லை. குதிரைகளைக் கப்பலேற்ற நாளாகும் என்றாள் ஹெஸ்டர். அறையைக் கழுவி, மெத்தைக்குப் புது வைக்கோல் அடைத்து, கோட்டை வெயிலில் உதறிப் போட்டாள்.

1919 ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், மாளிகையின் பின்வாசலில் ஒரு ரொட்டி வண்டி வந்து நின்றது. புதிதாக ரொட்டி விற்க ஆரம்பித்த ஆள், பெயர் கிளெம் பேக்ஷா. இரண்டு விரல் இல்லாத கையால் கதவைத் தட்டினான். பிம் திறந்தார்.

“ஐயா, மிஸஸ் ஓல்ட்ராய்டைப் பாக்கணும்.”

“அப்படி யாரும் இங்க இல்லப்பா.”

“ஏமோஸோட அம்மா, ஐயா.”

“எந்த ஏமோஸ்?”

“குதிரைக்காரன். எட்டு வருஷம் இங்கதான் வேலை பாத்தேன்னு வாய் ஓயாம சொல்வானே. டாம்சன் டாம்சன்னு உசிர விடுவான்.”

“டாம்சனைப் பாத்துக்கிட்டது ராபர்ட். அவன் பேரு ராபர்ட். மிஸஸ் மார்ஷோட...” என்றார் பிம். இரண்டு பழுப்பு உறைகளும் அவற்றின் மூலையில் தன் கையெழுத்தும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டன. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் ரொட்டி வண்டியை யாரும் பிடித்துக்கொள்ளாததால் அது கிளம்பிவிட்டது. இழுத்து வந்த பெண் குதிரை பாதையைக்கூடப் பார்க்கவில்லை. துரையின் புல்தரையில் குறுக்கே நடந்து, வாசல் தூணில் வண்டியை உரசி, வளைவுக்குள் நுழைந்து, கிழக்கே திரும்பி, கொட்டடிக்குள் தலையை விட்டது. வண்டி மாட்டிக்கொண்டது. ரொட்டிகள் உருளைக்கல் முற்றமெல்லாம் சிதறின. முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஹெஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். இடது காது பாதி இல்லை, கழுத்தில் தழும்பு, எலும்பும் தோலும். இருந்தாலும் அடையாளம் தெரியாமல் போகுமா. ஈரக் கையோடு ஓடிப்போய் அதன் மூக்கைப் பிடித்தாள், பிடித்த கையை விடாமலே திரும்பி வாசலைப் பார்த்தாள். கிளெம் ஓடி வந்துகொண்டிருந்தான்.

“அவன் எங்க?” என்று கத்தினாள். “பின்னால நடந்து வர்றானா? வண்டிய இப்படியா விட்டுட்டு வருவான் மடையன்!”

கிளெம் தொப்பியைக் கழற்றினான்.

“அம்மா, உங்களுக்குக் காகிதம் வரலையா?”

“என்ன காகிதம்?”

“பதினாறுலயே அனுப்பியிருப்பாங்களேம்மா. அக்டோபர்ல.”

ஹெஸ்டர் அவனைப் பார்த்தாள். பிறகு கொட்டடியின் சுவரைப் பார்த்தாள், மேலே அறையின் அரை நிலாச் சன்னலைப் பார்த்தாள். “அறை இருக்கே,” என்றாள். “இன்னைக்குக் காலைலகூடத் திறந்து பாத்தேனே. இருக்கு. நீ வேணா வந்து பாரு.”

கிளெம்முக்கு இது புரியவில்லை. அவளே சொன்னாள், கொட்டடி போனால் குதிரை போச்சு என்று, இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை என்று. அவன் கேட்டுக்கொண்டான். போரில் இருந்து வந்தவன், எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வான்.

“குதிரை உசிரோடதான இருக்கு அம்மா,” என்றான் மெதுவாக.

டாம்சன் தொட்டியை நக்கிப் பார்த்தது, காலியாக இருந்ததால் மரத்தைக் கடித்தது.

“ஆமா,” என்றாள் ஹெஸ்டர் கடைசியில். “குதிரைக்குன்னு கட்டின கட்டடம்.”

அவன் மற்றதைச் சொன்னான், அவனும் அதே பீரங்கியில் இருந்தவன். குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு குண்டு வந்து விழுந்தது, டாம்சனுக்குக் காது போயிற்று. ஏமோஸ் வலியில்லாமல் போனானா என்று ஹெஸ்டர் கேட்டாள். வலியே இல்லை அம்மா என்றான் கிளெம். திரும்பி வந்த எல்லோரும் எல்லாத் தாய்மார்களிடமும் அதைத்தான் சொன்னார்கள், நாங்களும் மேற்கொண்டு கேட்டதில்லை. அதன்பிறகு டாம்சனைக் கிளெம்தான் பார்த்துக்கொண்டான். பட்டாளம் ஏலம் விட்டபோது எப்படியோ வாங்கியும்விட்டான். பையிலிருந்து ஓர் இரும்புக் கொக்கியை எடுத்துக் கொடுத்தான், குதிரைக் குளம்பில் சிக்கும் கல்லை எடுக்கிற கொக்கி. ஏமோஸுடையது. மரக் கைப்பிடியில் அவன் பல்லால் கடித்த தடம் இருந்தது, யோசிக்கும்போது எதையாவது கடிப்பான்.

ஹெஸ்டர் அழுவாள் என்று கிளெம் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாது, அப்படி இருந்தது என்று பின்னால் டென்பியிடம் சொன்னாள். இரண்டரை வருடம் முன்னாலேயே செத்துப்போனவனுக்காக இன்றைக்கு எப்படி அழுவது, எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் நிம்மதியாக அடுப்பு மூட்டியிருக்கிறாள். கிளெம்முக்கு டீயும் இஞ்சிக் கேக்கும் கொடுத்தாள். ரொட்டிகளைப் பொறுக்கி இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்து அடுக்கினாள். டாம்சனை வெளியே இழுக்க அவன் படாத பாடுபட்டான், அது கால் ஊன்றி நின்றுவிட்டது. கடைசியில் விட்டுவிட்டு வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு போனான். அன்று எங்கள் ஊரில் ரொட்டி மதியத்துக்கு மேல்தான் கிடைத்தது, கடித்தால் மண்ணும் இருந்தது.

ஒன்பதாவது நாள் பிம் லாயத்துக்கு வந்தார். முப்பது வருடத்தில் அவர் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மாளிகையின் தலைமைப் பணியாளர் லாயத்துக்குப் போவது கௌரவக் குறைச்சல். ஹெஸ்டர் டாம்சனைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

“மிஸஸ் மார்ஷ்,” என்றார்.

“ஓல்ட்ராய்ட்.”

“மிஸஸ் ஓல்ட்ராய்ட்.” அவர் அதைச் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். “ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டு தடவையும் நான்தான்... யாரும் இல்லைன்னு எழுதிட்டேன்.”

“தெரியும். உங்க கையெழுத்து நல்லாருக்கும்.”

“என் பேரும் பிம் இல்ல,” என்றார் அவர் திடீரென்று. “இங்க இந்த வேலைக்கு வர்ற எல்லாருமே பிம். ஜோசையா டிரான்டர் என் பேரு. அம்மா செத்தப்புறம் அந்தப் பேர்ல யாரும் கூப்பிடல. எனக்கே ஒரு நாள் அந்தப் பேர்ல கடுதாசி வந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்.”

ஹெஸ்டர் தேய்ப்பதை நிறுத்தினாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. டாம்சனின் பெயர்ப்பலகையைக் காட்டினாள்.

“இந்தக் கட்டடத்துக்குப் பலகைல இருக்குற பேர் மட்டும்தான் தெரியும். அவனுக்குப் பலகையே இல்ல. அதான் அது கண்டுக்கல. நீங்க ஒண்ணு எழுதிக் கொடுங்க. அந்தக் கையெழுத்துலயே.”

பழைய கொள்ளுப்பெட்டியின் மூடியை அவளே கழற்றிக் கொடுத்தாள். பிம் அதை இழைத்து, கறுப்புப் பூசி, காயவைத்து, வெள்ளை எழுத்தில் ‘ஏமோஸ் ஓல்ட்ராய்ட்’ என்று எழுதினார். எழுத மூன்று மாலைகள் ஆயின. ராபர்ட் என்று எழுதவில்லை. ஹெஸ்டர் அதை அறைக் கதவில் நான்கு ஆணி அடித்து மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. எதுவும் நடக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

அதன்பிறகு பத்து வருடம். டாம்சன் கொழுத்தது. கிளெம் வேறொரு மட்டக்குதிரை வாங்கிக்கொண்டான், செவ்வாய்க்கிழமைகளில் வந்து டாம்சனுக்குக் காய்ந்த ரொட்டி கொடுப்பான். ஹெஸ்டர் தன் படுக்கையை ஏமோஸின் அறைக்கு மாற்றிக்கொண்டாள், கீழேயிருந்து சூடு வந்தது. காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. இருந்தாலும் கை போய்க் கைப்பிடியைத் தொடும். அவள் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை, அழுததையும் பார்க்கவில்லை. கடுமையானவள் என்று ஊரில் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன.

1929 பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மதியம், ஹெஸ்டர் மேலே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, பலகைத் தரை சில்லிட்டது. கீழே இறங்கிப் பார்த்தாள். டாம்சன் படுத்திருந்தது, முடிந்துவிட்டது. டென்பி நாலு பேரைக் கூட்டி வந்து இழுத்துப் போய்த் தோட்டத்தில் புதைத்தார். குதிரையைத் தோட்டத்தில் புதைக்கக்கூடாது என்று துரை சொல்லி அனுப்பினார், புதைத்துவிட்டோம் என்று பதில் சொல்லி அனுப்பினார்கள். அன்று ஹெஸ்டரை டென்பியின் வீட்டில் தங்கச் சொன்னார்கள். விடிந்தால் அறை இருக்காது, அதோடு சேர்ந்து நீயும் போய்விடுவாய் என்றார்கள். அவள் கேட்கவில்லை. குளம்புக் கொக்கியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு வழக்கம்போலப் படுத்தாள்.

காலையில் ஊரே வந்து நின்றது. கொட்டடி இல்லை. வளைவு வாசலின் கிழக்குத் தூணுக்கு அந்தப் பக்கம் வெறும் புல். புல்லுக்குப் பன்னிரண்டு அடி மேலே ஏமோஸின் அறை இருந்தது. கீழே தூண் இல்லை, சுவர் இல்லை, முட்டுக்கட்டை இல்லை. அறையின் அடிப்பலகைகள் தெரிந்தன, ஒன்றில் யாரோ 1764இல் தச்சுக் கணக்கு எழுதியிருந்தார்கள். அரை நிலாச் சன்னல் திறந்தது. ஹெஸ்டர் போர்வையை உதறினாள்.

“குளிருது. மத்தபடி பரவால்ல,” என்றாள் கீழே பார்த்து.

டென்பிதான் மணிக்கூண்டைக் கவனித்தார். கொட்டடி போனால் அது மூன்றடி நகர்ந்து வாசலுக்கு நேர் மேலே வந்திருக்க வேண்டும். நகரவில்லை. நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. கட்டடம் இன்னும் இருபத்துநான்கு அடி என்றே அது கணக்கு வைத்திருந்தது. துரையும் திரையை விலக்கிக் கட்டை விரலால் அளந்து பார்த்தார், நடுவில்தான் இருந்தது.

அந்த வசந்தத்தில் தேர்தல். வாக்காளர் பட்டியல் எழுதுகிற ஆள் மாளிகைக்கு வந்து யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். பிம்முக்கு அப்போது எழுபது வயது, கண் மங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டு வந்தார். அத்தனை பேரையும் அவர்கள் அம்மா வைத்த பெயரிலேயே சொன்னார், கடைசியாக ஜோசையா டிரான்டர், அது நான்தான் என்றார்.

“லாயத்துல?”

“மிஸஸ் ஹெஸ்டர் ஓல்ட்ராய்ட். மிஸ்டர் ஏமோஸ் ஓல்ட்ராய்ட்.”

அந்த ஆள் சன்னல் வழியே பார்த்தான். “அந்த அறை அந்தரத்துல நிக்குது சார்.”

“நிக்குதுல்ல?”

“நிக்குது.”

“கதவுல பேர் இருக்கு, போய்ப் பாருங்க. அந்தப் பேர்ல இங்க ஆள் உண்டு. எழுதிக்கோங்க.”

அவன் எழுதிக்கொண்டான். மே மாதம் ஏமோஸ் ஓல்ட்ராய்ட் பெயருக்கு ஓட்டுப் போட அழைக்கும் சீட்டு தோல் பையில் வந்தது. பிம் அதைப் பிரிக்காமல், தடியை ஊன்றிக்கொண்டு, தானே லாயம் வரை நடந்து கொண்டுபோய்க் கொடுத்தார். ஹெஸ்டர் வாங்கி, பெயரைப் படித்து, ஆணியில் தொங்கிய கோட்டின் பையில் வைத்தாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள் என்று பிம் சொன்னார். சத்தமாக, வெகுநேரம். அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாராம், முடிகிற வரைக்கும்.

மாளிகையை 1954இல் இடித்துவிட்டார்கள். வளைவு வாசலும் மணிக்கூண்டும் அந்த அறையும் இருக்கின்றன. வாசலை ஒட்டித் தார்ச்சாலை வந்துவிட்டது. மழை பெய்தால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அறைக்குக் கீழே ஒதுங்குவார்கள், நனையாது. ஏமோஸ் ஓல்ட்ராய்டின் பெயர் வாக்காளர் பட்டியலில் இன்னும் இருக்கிறது. ஒரு தடவைகூட ஓட்டுப் போட வந்ததில்லை. எங்கள் ஊரில் வராதவர்கள் நிறையப் பேர் இருப்பதால் யாரும் அதை எடுக்கவில்லை.